மேப்புக்குள் லிஸ்ட், லிஸ்ட்டுக்குள் மேப்: ஜாவா கேள்வி பதில்

ஜாவா நிரல்மொழியின் ஜெனரிக் தொகுப்புகளை, அதாவது உள்ளிருக்கும் மதிப்புகளின் வகையை முக்கோண அடைப்பில் சொல்லும் தொகுப்புகளை, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து எழுதும்போது எழும் சிக்கல்களைப் பற்றியே இம்முறை பல வாசகர்கள் கேட்டிருப்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். லிஸ்ட் என்பது மதிப்புகளை வரிசையாக வைக்கும் தொகுப்பு; மேப் என்பது கீ எனும் அடையாளத்துக்கு எதிரே மதிப்பை வைக்கும் தொகுப்பு. நிரல் வரிகளில் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் தட்டும்போது வழக்கமான எழுத்திலேயே எழுதிக்கொள்க.

கேள்வி: மாணவர் பெயருக்கு எதிரே அவருடைய மதிப்பெண்களை வைக்க, மேப்<ஸ்ட்ரிங், லிஸ்ட்<இன்டீஜர்>> என்ற வகையில் ஒரு மாறியை அறிவித்தேன். அதற்கு நியூ ஹேஷ்மேப்<ஸ்ட்ரிங், அரேலிஸ்ட்<இன்டீஜர்>>() என்று மதிப்பளித்தால், வகைகள் பொருந்தவில்லை என்று கம்பைலர் மறுக்கிறது. ஹேஷ்மேப் ஒரு மேப்தான், அரேலிஸ்ட் ஒரு லிஸ்ட்தான். எது பொருந்தவில்லை?
(கணினிப் பயன்பாட்டியல் மாணவி, மதுரை)

பதில்: நீங்கள் சொன்ன இரண்டும் தனித்தனியே சரி. ஆனால் முக்கோண அடைப்புக்கு வெளியே செல்லுபடியாகும் உறவு அடைப்புக்கு உள்ளே செல்லுபடியாகாது என்பதுதான் ஜாவாவின் விதி. ஹேஷ்மேப்பை மேப் என்று அழைக்கலாம். ஆனால் அடைப்புக்குள் லிஸ்ட் என்று இருந்தால் லிஸ்ட் என்றே இருக்க வேண்டும், அரேலிஸ்ட் என்று இருக்கக் கூடாது.

விதி கடுமையாகத் தோன்றினாலும், அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். கம்பைலர் உங்கள் வரியை ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் அரேலிஸ்ட் மேப்பை முதலில் வேறொரு மாறியில் வைத்து, அதையே உங்கள் மாறிக்கும் கொடுக்கலாம். ஒரே மேப்பை இப்போது இரண்டு மாறிகள் சுட்டுகின்றன. ஒன்று அதை அரேலிஸ்ட்கள் மட்டுமே இருக்கும் மேப் என்று நம்புகிறது. மற்றொன்று எந்த லிஸ்ட்டும் இருக்கலாம் என்று நம்புகிறது. இரண்டாவது மாறியின் வழியாக ஒருவர் லிங்க்டுலிஸ்ட் என்ற வேறு வகை லிஸ்ட் ஒன்றைப் போட்டுவிட்டால், முதல் மாறியின் வழியாக அதை எடுப்பவர் அரேலிஸ்ட்டை எதிர்பார்த்துக் கைநீட்டி லிங்க்டுலிஸ்ட்டைப் பெறுவார். இந்த ஓட்டையை அடைக்கவே கம்பைலர் முதல் வரியிலேயே நிறுத்துகிறது. ஜாவாவின் சாதாரண அரேக்களில் இந்தக் காவல் இல்லை. இன்டீஜர் அரேயை நம்பர் அரே என்று அறிவித்த மாறியில் வைத்து, அதில் ஒரு டபுள் மதிப்பைப் போட முயன்றால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. நிரல் ஓடும்போதுதான் அரேஸ்டோர்எக்ஸெப்ஷன் என்று விழும்.

உங்கள் வரிக்குத் தீர்வு எளிது. வலப்பக்கம் நியூ ஹேஷ்மேப்<>() என்று அடைப்பை வெறுமையாக விட்டுவிடுங்கள். 2011-இல் வெளிவந்த ஜாவா 7 முதல், இடப்பக்கத்து வகையைப் பார்த்துக் கம்பைலரே அதை நிரப்பிக்கொள்ளும். உள்ளே போடும் ஒவ்வொரு மதிப்பும் அரேலிஸ்ட்டாக இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அரேலிஸ்ட்டை மேப்பில் போடலாம், ஆனால் அரேலிஸ்ட் மேப்பையே லிஸ்ட் மேப்பாக மாற்றிக்கொள்ள முடியாது என்ற வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி மெத்தட்களின் பாராமீட்டரில் இருக்கிறது. மதிப்பெண்களைக் கூட்டும் ஒரு மெத்தட் இன்டீஜர், டபுள் இரண்டையும் ஏற்க வேண்டுமென்று பலர் மேப்<ஸ்ட்ரிங், லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் நம்பர்>> என எழுதுவார்கள். கேள்விக்குறியோடு வரும் அந்தப் பகுதிக்கு, நம்பர் அல்லது அதன் துணை வகைகளில் ஏதேனும் ஒன்று என்று பொருள். கேள்விக்குறியை உள்ளடுக்கில் மட்டும் வைத்தால் போதாது. மேப்<ஸ்ட்ரிங், லிஸ்ட்<இன்டீஜர்>> வகை மாறியை அந்த மெத்தட் அப்போதும் ஏற்காது. மேப்பின் பார்வையில் லிஸ்ட்<இன்டீஜர்> ஒரு வகை, லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் நம்பர்> வேறொரு வகை, இரண்டும் ஒன்றல்ல. எனவே மேப்<ஸ்ட்ரிங், ? எக்ஸ்டெண்ட்ஸ் லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் நம்பர்>> என்று இரண்டு அடுக்கிலும் நெகிழ்வை எழுத வேண்டும். அப்படி எழுதிய மெத்தட், நீங்கள் கேட்ட அரேலிஸ்ட் மேப்பையும்கூட ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு நீங்கள் இழப்பது, அந்த மேப்பிலும் அதன் லிஸ்ட்களிலும் புதிய மதிப்புகளைச் சேர்க்கும் உரிமையை. படிப்பதற்கு மட்டுமே வரும் மேப்புக்கு அது ஓர் இழப்பே அல்ல.

கேள்வி: வாடிக்கையாளர் பெயர்களை அஞ்சல் குறியீட்டு வாரியாகப் பிரிக்க மேப்<இன்டீஜர், லிஸ்ட்<ஸ்ட்ரிங்>> வைத்திருக்கிறேன். கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் மெத்தடுக்குக் குறியீட்டையும் அரேலிஸ்ட்::நியூ என்பதையும் கொடுத்து, வரும் லிஸ்ட்டில் பெயரைச் சேர்க்கிறேன். ஒரு ஜிபி ஹீப்பில் (நிரலுக்கு ஒதுக்கிய நினைவகத்தில்), முன்னூற்றுச் சொச்சம் குறியீடுகளைத் தாண்டியதும் நினைவகம் போதவில்லை என்று நிரல் நின்றுவிடுகிறது. மொத்தப் பெயர்கள் சில ஆயிரங்கள்தான். எங்கே ஒழுகுகிறது?
(மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்)

பதில்: ஒழுகவில்லை, நீங்களே கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். மேப்பில் கீ இல்லாதபோது கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட், இரண்டாவதாகத் தரப்படும் செயல்பாட்டுக்குக் கீயை அனுப்பிவைக்கும். அரேலிஸ்ட்டுக்கு முழு எண் ஒன்றை வாங்கிக்கொள்ளும் கன்ஸ்ட்ரக்டரும் (புதிய ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் பகுதி) உண்டு. அந்த எண் தொடக்கக் கொள்ளளவு. உங்கள் கீ இன்டீஜர் என்பதால் கம்பைலர் அந்தக் கன்ஸ்ட்ரக்டரையே தேர்ந்தெடுக்கிறது. 600001 என்ற குறியீடு வந்ததும், ஒரே ஒரு பெயரை வைப்பதற்காக 600001 இடங்கள் கொண்ட அரே உருவாகிறது. ஓரிடத்துக்கு 4 பைட் என்றால் ஒரு லிஸ்ட்டுக்கு ஏறக்குறைய 24 லட்சம் பைட். 400 லிஸ்ட் என்றால் 96 கோடி பைட். தமிழ்நாட்டின் அஞ்சல் குறியீடுகள் எல்லாமே 6-இல் தொடங்குவதால் எந்த ஊராக இருந்தாலும் இந்தக் கணக்கில் பெரிய மாற்றமில்லை. நிரலுக்கு மற்ற தேவைகளும் இருப்பதால் நானூறை எட்டும் முன்பே நிற்பது இயல்புதான்.

திருத்தம் ஒரே இடத்தில்: அரேலிஸ்ட்::நியூ என்பதை நீக்கிவிட்டு, கீ -> நியூ அரேலிஸ்ட்<>() என்று லாம்டாவாக (பெயரில்லாச் சிறு செயல்பாடாக) எழுதுங்கள். கீயை வாங்கிக்கொண்டு அதைப் பயன்படுத்தாமல் விடுகிற வடிவம் அது. வெறுமையாக உருவாகும் அரேலிஸ்ட், முதல் பெயர் சேரும்போதுதான் 10 இடங்களுக்கு வளர்கிறது.

இந்தப் பிழை பலர் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், கீ ஸ்ட்ரிங்காக இருந்தால் அதே வரி கம்பைல் ஆகாது என்பதுதான். ஸ்ட்ரிங்கை வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் அரேலிஸ்ட்டுக்கு இல்லை. எனவே ஸ்ட்ரிங் கீயில் கம்பைலர் காப்பாற்றுகிறது. இன்டீஜர் கீயில் கைவிடுகிறது. கீயே ஒரு லிஸ்ட்டாக இருந்தால் விளைவு இன்னும் வேடிக்கையானது: மற்றொரு தொகுப்பை வாங்கி நகலெடுக்கும் கன்ஸ்ட்ரக்டர் தேர்வாகி, வெறுமையாக இருக்க வேண்டிய புதிய லிஸ்ட்டில் கீயின் உறுப்புகள் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும்.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். கெட்ஆர்டிஃபால்ட் மெத்தடுக்கு நியூ அரேலிஸ்ட்டை மாற்று மதிப்பாகக் கொடுத்து, வருவதில் பெயரைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கீ இல்லாதபோது புதிய லிஸ்ட் வரும், பெயரும் அதில் சேரும், ஆனால் அந்த லிஸ்ட் மேப்பில் இடம்பெறவே பெறாது. பிழைச் செய்தியும் வராது. தரவு மட்டும் காணாமல் போகும். கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் 2014-இல் ஜாவா 8-உடன் வந்தது, தான் உருவாக்கியதை மேப்பிலும் போட்டுவிட்டுத் தருவது. அடுக்குத் தொகுப்புகளுக்கு உகந்தது அதுதான்.

கேள்வி: 30 வகுப்புகளுக்கு 30 லிஸ்ட் வேண்டும். நியூ அரேலிஸ்ட்<>(30) என்று உருவாக்கி கெட்(0) என்று கேட்டால் எல்லை மீறியதாகப் பிழை. கலெக்ஷன்ஸ்.என்காப்பீஸ் மூலம் 30 வெறும் லிஸ்ட்களை நிரப்பினால், ஒரு வகுப்பில் சேர்த்த பெயர் எல்லா வகுப்பிலும் தெரிகிறது.
(ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: முதலாவதில் 30 என்பது கொள்ளளவு, லிஸ்ட்டின் நீளம் இன்னும் 0. இரண்டாவதில், என்காப்பீஸ் பெயருக்கு நகல் என்று சொன்னாலும் எதையும் நகலெடுப்பதில்லை; நீங்கள் கொடுத்த ஒரே லிஸ்ட்டை 30 இடங்களிலிருந்தும் சுட்டுகிறது. ஒரு ஃபார் சுழற்சியை வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் நியூ அரேலிஸ்ட்<>() என்று தனியாக உருவாக்கிச் சேருங்கள். குறுக்குவழி தேடத் தேவையில்லாத இடம் இது.

கேள்வி: அறிக்கை தயாரிக்கும் பகுதி எங்கள் மூலத் தரவைத் தவறுதலாக மாற்றிவிடக் கூடாது என்பதற்காக நியூ ஹேஷ்மேப்<>(மூலம்) என்று நகலெடுத்துக் கொடுத்தோம். அப்படியும் மூலத்திலுள்ள லிஸ்ட்கள் மாறிவிட்டன. கலெக்ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்மேப் போட்டும் பயனில்லை.
(நிரலாளர், சென்னை)

பதில்: இரண்டுமே வெளி அடுக்கை மட்டும் தொடுபவை. புதிய ஹேஷ்மேப்பில் கீகளும் மதிப்புகளும் புதிய வரிசையில் அமர்கின்றன. ஆனால் அந்த மதிப்புகள் பழைய லிஸ்ட்களைச் சுட்டும் ரெஃபரன்ஸ்களே. நகலில் ஒரு கீயை நீக்கினால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. நகலின் வழியாக எடுத்த லிஸ்ட்டில் ஒரு மதிப்பெண்ணை நீக்கினால் மூலத்திலும் அது போய்விடும். அன்மாடிஃபையபிள்மேப்பும் அப்படியே: புட், ரிமூவ் இரண்டையும் தடுக்கும், கெட் மூலம் வெளியே வந்த லிஸ்ட்டுக்கு அது பொறுப்பாகாது. கூடவே அது நகல்கூட அல்ல, மூலத்தின் மீது பொருத்திய ஒரு கண்ணாடி மட்டுமே என்பதால், மூலத்தில் பின்னர் செய்யும் மாற்றங்கள் அதில் தெரியும்.

தேவையானது, ஒவ்வொரு அடுக்கையும் தனியாக நகலெடுப்பது. ஒரு புதிய லிங்க்டுஹேஷ்மேப்பை உருவாக்கி, மூலத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் அதே கீயுடன் லிஸ்ட்.காப்பிஆஃப்(மதிப்பு) என்பதைப் போட்டுக்கொண்டே வாருங்கள். முடிந்ததும் அதை அன்மாடிஃபையபிள்மேப்பில் பொதிந்து கொடுங்கள். காப்பிஆஃப் ஜாவா 10-இலிருந்து கிடைக்கிறது, மாற்ற முடியாத லிஸ்ட்டைத் தருகிறது. நல் எனப்படும் வெற்று மதிப்பு உள்ளே இருந்தால் அது நல்பாயிண்டர்எக்ஸெப்ஷனை எறியும். நல் கலந்த தரவு உங்களிடம் இருந்தால் அதை முதலில் களைய வேண்டும். மேப்.காப்பிஆஃப் என்றும் ஒன்று உண்டு என்றாலும், அது பதிவுகளின் வரிசைக்கு எந்த உறுதியும் தருவதில்லை. அறிக்கையில் வரிசை முக்கியம் என்பதால்தான் லிங்க்டுஹேஷ்மேப்பைச் சொன்னோம். உள்ளே இருப்பவை இன்டீஜர், ஸ்ட்ரிங் போன்ற மாறாத மதிப்புகள் என்றால் இந்த இரண்டு அடுக்கோடு வேலை முடிந்தது. மாற்றக்கூடிய ஆப்ஜெக்ட்கள் என்றால் மூன்றாவது அடுக்கும் உண்டு.

கேள்வி: ஜேசான் (தரவை எழுத்தாக எழுதிப் பரிமாறும் வடிவம்) கோப்பிலிருந்து லிஸ்ட்<மாணவர்> ஒன்றை ஜாக்சன் நூலகத்தின் மூலம் படிக்கிறேன். ரீட்வேல்யூ மெத்தடுக்கு லிஸ்ட்.கிளாஸ் கொடுத்தேன். படிக்கும் வரி எந்தப் பிழையும் இல்லாமல் கடந்துவிடுகிறது. ஆனால் பல வரிகள் கழித்து ஃபார் சுழற்சியில், லிங்க்டுஹேஷ்மேப்பை மாணவர் வகைக்கு மாற்ற இயலாது என்று கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வருகிறது. லிங்க்டுஹேஷ்மேப் என்ற சொல்லையே நான் எங்கும் எழுதவில்லை.
(பொறியியல் மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: நீங்கள் எழுதவில்லை, ஜாக்சன் எழுதியது. லிஸ்ட்.கிளாஸ் என்று மட்டும் சொன்னதால், உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எனவே ஜேசானில் பார்த்த ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் தன் வழக்கப்படி லிங்க்டுஹேஷ்மேப்பாக்கி லிஸ்ட்டில் வைத்தது. அந்த லிஸ்ட்டை நீங்கள் லிஸ்ட்<மாணவர்> மாறியில் வைத்தபோது கம்பைலர் ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுத்திருக்கும்.

லிஸ்ட்<மாணவர்>.கிளாஸ் என்று எழுத முடிந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அது முடியாததற்குக் காரணம், ஜெனரிக் வகைகள் கம்பைலரோடு நின்றுவிடுவதுதான். முக்கோண அடைப்புக்குள் இருப்பதைச் சரிபார்த்து முடித்ததும் கம்பைலர் அதை அழித்துவிட்டு, மதிப்பை எடுக்கும் இடங்களில் வகைமாற்றத்தைத் தானே செருகிவிடுகிறது. நிரல் ஓடும்போது ஒரு லிஸ்ட், வெறும் லிஸ்ட். உங்கள் ஃபார் சுழற்சியில் பிழை வந்ததும் அப்படிச் செருகிய வகைமாற்றத்தில்தான். தவறு நடந்தது ஓரிடம், அகப்பட்டது வேறிடம். எச்சரிக்கையை அலட்சியப்படுத்தினால் கிடைக்கும் பலன் இது.

2004-இல் ஜாவா 5-உடன் ஜெனரிக்ஸ் வந்தபோது இப்படி அழிக்கும் முறையைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் இருந்தது. அதற்கு முன்பு கம்பைல் செய்து உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த நூலகங்கள், புதிய நிரல்களோடு மாற்றமின்றிச் சேர்ந்து இயங்க வேண்டியிருந்தது. கிலாட் பிராக்கா, மார்ட்டின் ஒடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுடமையர், ஃபிலிப் வாட்லர் ஆகிய நால்வர் 1998-இல் முன்வைத்த ஜிஜே என்ற வடிவமைப்பே இதற்கு அடித்தளம். இவர்களில் ஒடர்ஸ்கி பின்னாளில் ஸ்காலா மொழியை உருவாக்கியவர். சி ஷார்ப் மொழி 2005-இல் எதிர்வழியில் சென்று, ஓடும்போதும் உள்வகைத் தகவலைத் தக்கவைத்தது. இன்று திரும்பிப் பார்க்கையில் சி ஷார்ப் வழியே நிரலாளருக்கு வசதி என்பது எங்கள் கருத்து. ஆனால் ஜாவா அன்று இருந்த நிலையில் பழைய நூலகங்களைக் கைவிடுவது எளிதான முடிவாக இருந்திருக்காது.

உங்கள் நிரலுக்கு வருவோம். லிஸ்ட்.கிளாஸ் என்பதற்குப் பதிலாக நியூ டைப்ரெஃபரன்ஸ்<லிஸ்ட்<மாணவர்>>() {} என்று கொடுங்கள். இறுதியிலுள்ள வெறும் நெளிவு அடைப்பை மறந்துவிடாதீர்கள்; முழு வித்தையும் அதில்தான் இருக்கிறது. அந்த அடைப்பு, டைப்ரெஃபரன்ஸின் பெயரில்லாத துணைக் கிளாஸ் ஒன்றை உருவாக்குகிறது. ஆப்ஜெக்ட்களின் உள்வகை அழிந்தாலும், ஒரு கிளாஸ் எந்தத் தாய்க் கிளாஸை எந்த வகையோடு நீட்டித்தது என்ற குறிப்பு கிளாஸ் கோப்பில் அப்படியே பதிந்திருக்கும்; நூலகம் அதைப் படித்து, லிஸ்ட்டுக்குள் மாணவர் இருக்க வேண்டும் என்று அறிந்துகொள்கிறது. இந்த உத்தியை நீல் காஃப்டர் 2006-இல் எழுதி அறிமுகப்படுத்தினார். ஜேசானைப் படிக்கும் மற்றொரு நூலகமான ஜிசானில் இதே வேலையைச் செய்வது டைப்டோக்கன். மேப்<ஸ்ட்ரிங், லிஸ்ட்<மாணவர்>> என்று எத்தனை அடுக்கு வைத்தாலும் இதே முறை செல்லும். ஜிசானில் வகை சொல்லாமல் விட்டால் எண்கள் எல்லாம் டபுளாக வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்; 95 என்ற மதிப்பெண் 95.0 என்று அச்சானால் வேறெங்கும் தேட வேண்டாம்.

கேள்வி: மாவட்டம், பள்ளி, வகுப்பு, மதிப்பெண்கள் என்ற தரவுக்காக மேப்<ஸ்ட்ரிங், மேப்<ஸ்ட்ரிங், மேப்<இன்டீஜர், லிஸ்ட்<டபுள்>>>> என்று வைத்திருக்கிறோம். இயங்குகிறது, ஆனால் மூன்று மாதம் கழித்து எங்களுக்கே படிக்க முடியவில்லை. வகையை எழுதாமல் வார் என்று மட்டும் போட்டால் தீருமா?
(குழுத் தலைவர், திருச்சிராப்பள்ளி)

பதில்: வார் கண்ணிலிருந்து மறைக்கும், சிக்கலைக் குறைக்காது. கூடுதலாக ஓர் ஆபத்தும் உண்டு. வார் தரவு = நியூ ஹேஷ்மேப்<>() என்று எழுதினால், இடப்பக்கத்தில் வகை இல்லை, வலப்பக்கத்திலும் இல்லை; கம்பைலர் அதை ஹேஷ்மேப்<ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட்> என்று எடுத்துக்கொள்ளும்.

உங்கள் வகையில் உண்மையான குறை, முதல் ஸ்ட்ரிங் மாவட்டமா பள்ளியா என்பதை அது சொல்லவில்லை என்பதே. இரண்டையும் மாற்றிப் போட்டாலும் கம்பைலர் ஏற்கும். ஒரு மதிப்பைத் தேட மூன்று முறை கெட் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் நல் தரலாம். இதற்கு எங்கள் பரிந்துரை ரெக்கார்டு. 2021-இல் ஜாவா 16-உடன் மொழியின் நிலையான அங்கமான அதைக் கொண்டு, மாவட்டம், பள்ளி, வகுப்பு மூன்றையும் கொண்ட வகுப்புக்கீ என்ற ரெக்கார்டை ஒரே வரியில் எழுதிவிடலாம். கீகளை ஒப்பிடவும் தேடவும் ஹேஷ்மேப் பயன்படுத்தும் ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு மெத்தட்கள் இரண்டும் தானாகவே கிடைத்துவிடுவதால் அது மேப்பின் கீயாக உடனே பயன்படும். பிறகு உங்களுக்குத் தேவை மேப்<வகுப்புக்கீ, லிஸ்ட்<டபுள்>> மட்டுமே. மூன்று தேடல் ஒன்றாகிறது. எந்த ஸ்ட்ரிங் எது என்று பெயரே சொல்லிவிடுகிறது. ரெக்கார்டுக்குள் லிஸ்ட் ஒன்றை வைத்து, மேப்பில் போட்டபின் அதை மாற்றுவது மட்டும் கூடாது; ஹேஷ்கோடு மாறி, மேப்பில் இருக்கும் பதிவே தேடும்போது கிடைக்காமல் போகும்.

ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக வைப்பது எப்போதும் தவறு என்றும் சொல்ல மாட்டோம். ஒரு மாவட்டத்தின் பள்ளிகள் அனைத்தையும் மொத்தமாக எடுப்பதுதான் உங்கள் நிரலின் அன்றாட வேலை என்றால், தட்டையான மேப்பில் ஒவ்வொரு முறையும் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும். அப்போது மேப்<மாவட்டம், மேப்<பள்ளி, மதிப்பெண்பட்டி>> என்ற இரண்டடுக்கே பொருத்தம். எந்தக் கேள்வியை நிரல் அடிக்கடி கேட்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அறிக்கைக்காக ஒருமுறை மட்டும் அடுக்கு வேண்டுமென்றால், தட்டையான தரவிலிருந்து தரவைக் கீ வாரியாகப் பிரித்து மேப்பாக்கும் கலெக்டர்ஸ்.குரூப்பிங்பை மெத்தடுக்குள் மற்றொரு குரூப்பிங்பை வைத்து அந்த நேரத்தில் உருவாக்கிக்கொள்ளலாம். மாவட்டங்கள் அகர வரிசையில் வர, வெளி குரூப்பிங்பையின் நடுப் பாராமீட்டராக ட்ரீமேப்::நியூ கொடுங்கள். உள் குரூப்பிங்பைக்கும் வரிசை வேண்டுமென்றால் அங்கேயும் தனியாகக் கொடுக்க வேண்டும். வெளியே சொன்னது உள்ளே செல்லாது.

கேள்வி: இறுதியில் இரண்டு அடைப்புகள் சேர்ந்து வரும்போது நடுவே இடம் விட வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் வற்புறுத்துகிறார். ஜாவாவில் இது விதியா?
(கணினி அறிவியல் மாணவர், சேலம்)

பதில்: இல்லை. அது பழைய சி++ மொழியின் பழக்கம். அடைப்புகள் இரண்டும் ஒட்டி வந்தால் அந்தக் கம்பைலர்கள் அதை வலப்பக்க நகர்த்தல் குறியாகப் படித்துப் பிழை காட்டும். சி++11 வந்தபிறகே அது நீங்கியது. ஜாவாவிலும் இரண்டு, மூன்று அடைப்புகள் சேர்ந்தால் நகர்த்தல் குறிகளின் வடிவம்தான். ஆனால் ஜெனரிக்ஸ் அறிமுகமான ஜாவா 5-இலிருந்தே கம்பைலர் அவற்றைச் சரியாகப் பிரித்துப் படிக்கிறது. இடம் விட்டு எழுதினாலும் பிழையில்லை என்பதால், தேர்வுத் தாளில் பேராசிரியர் சொன்னபடியே எழுதிவிடுங்கள்.